இஞ்ச் டேப்போடு கடைக்குப் போங்கள்!

முதல் ரோடு சைக்கிள் வாங்குகிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்? எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அக்கரை பக்கம் நின்று பாருங்கள். முதுகுக்குப் பின்னால் ‘டிர்ர்ர்’ என்று சில்வண்டு கத்துவது மாதிரி ஒரு சத்தம் நெருங்கி வரும். திரும்பிப் பார்ப்பதற்குள் ஏழெட்டுச் சிவப்பு விளக்குகள் நம்மைத் தாண்டிக் கோவளம் பக்கம் போய்விடும். பெடல் மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினால் பின்சக்கரத்து ஹப் போடுகிற சத்தம் அது. மாமல்லபுரம் வரை போய், ஒரு காபி குடித்து, எட்டரை மணிக்குள் வீடு திரும்பி, தூங்கும் பிள்ளைகளை எழுப்பி இட்லி சாப்பிட உட்காரும் கூட்டம். ஐ.டி. பையன்கள், டாக்டர்கள், வங்கியில் ஓய்வுபெற்றவர்கள், பிளஸ் டூ மாணவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு.

நடைப்பயிற்சிக்கு வந்த இடத்தில் இதைப் பார்ப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய்விடுகிறார்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “பட்ஜெட் எவ்ளோ சார்?” இவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த பிராண்ட் நல்லது?” இரண்டுமே தப்பான கேள்விகள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் கேட்டேன். அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். நான் போன கடையில் கறுப்பு வண்ணத்தில், சிவப்புக் கோடு போட்ட ஒரு சைக்கிள் நின்றது. ஃபிரேம் சைஸ் 56. போன வருஷத்து மாடல், கடைசிப் பீஸ், இருபது சதவீதம் தள்ளுபடி. “கொஞ்சம் பெருசா இருக்கே?” என்று கேட்டதற்கு, “சீட்டை இறக்கிக்கலாம் சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்றார்கள். சீட்டை இறக்கினோம். ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கிற தூரத்தை எந்த ஸ்பேனராலும் பெரிதாகக் குறைக்க முடியாது. மூன்றாவது மாதம் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. சட்டையில் பட்டன் போடத் தடுமாறினேன். கழுத்துவலி தனிக்கதை. ஐந்தாவது மாதம் பாதி விலைக்கு விற்றேன். இருபது சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பது சதவீதம் போனது.

முதலில், ரோடு சைக்கிள்தான் வேண்டுமா?

ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், எடை குறைந்த ஃபிரேம். ரோடு சைக்கிள் என்று ஊரில் சொல்வது இதைத்தான். அந்த வளைவு அழகுக்காக வைத்ததில்லை. மேலே ஒரு பிடி, பிரேக் லீவர் மேல் ஒரு பிடி, கீழே குனிந்து ஒரு பிடி என்று கைக்கு மூன்று இடங்கள் கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டும்போது இடம் மாற்றிக்கொள்ளலாம், குனிந்தால் காற்றும் குறைவாக அடிக்கும்.

காற்றுதான் இந்த விளையாட்டில் முக்கிய எதிரி. சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 30-க்கு ஏற வேண்டுமானால், காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் சக்தி போட வேண்டும். வேகம் ஏற ஏற, தேவைப்படும் சக்தி அதன் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. எங்கள் கடற்கரைச் சாலையில் இதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். தொடை வலுத்துவிட்டது என்ற நினைப்பில் மாமல்லபுரம் வரை பறப்போம். திரும்பும்போது அதே காற்று வட்டியோடு வசூலிக்கும்.

ஆகவே வாரம் ஒருமுறை நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் ரோடு சைக்கிள் வாங்குங்கள். தினமும் வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு லேப்டாப் பையோடு, குழி, மேன்ஹோல், ஆட்டோ எல்லாவற்றுக்கும் நடுவே போகிறவருக்கு நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட் போதும். அதுதான் நல்லதும்கூட. அதே காசுக்கு ஹைபிரிட்டில் ஒரு படி மேலான பாகங்கள் கிடைக்கும். சஸ்பென்ஷன் ஃபோர்க் வைத்த சைக்கிளை மட்டும் தார்ச்சாலைக்கு வாங்காதீர்கள். பதினைந்தாயிரம் ரூபாய் சைக்கிளில் வரும் சஸ்பென்ஷன் வெறும் ஸ்பிரிங். நீங்கள் மிதிக்கும் மிதியில் ஒரு பங்கை அது விழுங்கிக்கொண்டு, இரண்டு கிலோ கனத்தையும் கூட்டும்.

கணித கைடும் பென்சில் கோடும்

சைஸ் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு ஜாண் இடைவெளி இருக்கட்டும். தடிமனான புத்தகம் ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை இஞ்ச் டேப்பால் அளந்தால் வருவதுதான் உங்கள் உள்கால் அளவு. நான் என் மகளின் பிளஸ் டூ கணித கைடை வைத்து அளந்துகொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்துவிட்டாள். விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அளவு என்னவோ சரியாக வந்தது, 78 சென்டிமீட்டர்.

அந்த எண்ணை 0.66-ஆல் பெருக்கினால் ஃபிரேம் சைஸ் ஏறத்தாழ வரும். எனக்கு 51.5. அதாவது 52 சைஸ். நான் வாங்கியதோ 56! சீட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும். 1986, 1989, 1990 என மூன்று முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. எனக்குக் கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர். இரண்டும் துல்லிய விதிகள் இல்லை, தொடங்குவதற்கான புள்ளிகள். ஒரு கம்பெனியின் ‘மீடியம்’ இன்னொரு கம்பெனியின் ‘ஸ்மால்’ ஆக இருக்கும். அதனால் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. உட்கார்ந்து பிரேக் லீவர் மேல் கை வைத்தால் முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் சைக்கிள் பெரிது. முட்டி கையில் இடிக்கிற மாதிரி இருந்தால் சிறிது.

இரண்டு சைஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சிறியதை எடுங்கள். சின்ன ஃபிரேமில் சீட்டை ஏற்றலாம், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் கொஞ்சம் நீளமாக மாற்றலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழியே இல்லை.

பெண்களுக்குக் கடைகளில் நடப்பது இதைவிட மோசம். ஐந்தடி உயரப் பெண் ஒருவர் ரோடு சைக்கிள் கேட்டால், “மேடம், உங்களுக்கு இது செட் ஆகும்” என்று கூடை வைத்த, பார் இல்லாத லேடீஸ் சைக்கிளைக் காட்டுகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தபோது, கிராமத்துப் பெண்கள் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டினார்கள். முன்னால் குழந்தையை உட்காரவைக்க அந்த பார் வசதியாக இருந்தது. முப்பது வருஷம் கழித்தும் நகரத்துக் கடைக்காரருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. குள்ளமானவர்களுக்கான 46, 48 சைஸ்களும் எக்ஸ்ட்ரா ஸ்மாலும் உலகத்தில் இருக்கின்றன. கடையில் இருப்பு இல்லாவிட்டால் வரவழைக்கச் சொல்லுங்கள், காத்திருங்கள். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலமாக இருப்பதால் கூடவே வரும் சீட் பொருந்தாமல் போகலாம். சீட்டை மாற்றினால் தீர்ந்தது, அதற்காக சைக்கிளை மாற்ற வேண்டாம்.

வால்டியூப் இல்லாத டியூப்

எனக்கு முதல் பஞ்சர் ஆனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடையாறில். தள்ளிக்கொண்டே போய் ஒரு மர நிழல் பஞ்சர் கடையில் நிறுத்தினேன். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். சக்கரத்தைச் சுற்றி வால்வைப் பார்த்தார். “என்ன சார், வால்டியூபே இல்லையே? எங்கேர்ந்து காத்து அடிக்கிறது?” என்றார். சன்னமான நீளக் குச்சி மாதிரி நின்ற அதன் பெயர் பிரஸ்டா வால்வ் என்பது எனக்கும் தெரியாது. தலையில் இருக்கும் பொடி நட்டைத் திருகித் தளர்த்தி, ஒரு தட்டு தட்டினால்தான் காற்று உள்ளே போகும். பெரியவர் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். டியூபைத் தண்ணீரில் முக்கி, ஓட்டையைத் தேடி, உப்புத்தாள் தேய்த்து ஒட்டியும் கொடுத்தார். ஆனால் காற்று அடிக்க அவரிடம் தோதான பம்ப் இல்லை. தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இந்த அவஸ்தைக்கு மருந்து, விரல் நுனி அளவு பித்தளைக் குமிழ் ஒன்று. அதை பிரஸ்டா மேல் திருகிவிட்டால் கார், மோட்டார் சைக்கிள் வால்வ் மாதிரி ஆகிவிடும், பெட்ரோல் பங்க்கில்கூடக் காற்று பிடிக்கலாம். சைக்கிள் வாங்குகிற அன்றே இரண்டு வாங்கிச் சீட்டுப் பைக்குள் போட்டுவையுங்கள்.

டயரிலும் ஒரு பொறி இருக்கிறது. அப்பா காலத்து ஹெர்குலிஸ், ராலே சைக்கிளுக்கு ‘28 இஞ்ச் ஒன்றரை’ டயர். அதன் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு சைக்கிளின் 700சி டயரையும் சிலர் 28 இஞ்ச் என்பார்கள். ஆனால் அதன் ரிம் விட்டம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒன்று மற்றொன்றில் ஏறாது. வேடிக்கை என்னவென்றால், 29 இஞ்ச் என்று விற்கிற மலைச் சைக்கிளின் ரிம்மும் அதே 622தான். ஆகையால் கடையில் இஞ்சைக் கேட்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள்.

அகலம்? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ரோடு சைக்கிள் என்றால் 23 மில்லிமீட்டர் டயர். அது பந்தயக்காரர்களின் பழக்கம். இப்போது அவர்களே 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். நம் சாலைக்கு 28-க்குக் குறைந்து வாங்காதீர்கள். வாங்கும் சைக்கிளில் 25 டயர் இருந்தால், ஃபிரேமிலும் பிரேக்கிலும் 28 நுழைய இடம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இது கியரைவிட முக்கியம். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். எழுபது கிலோ ஆளுக்கு 28 டயரில் 80 பி.எஸ்.ஐ. தாராளம். கல்லென்று இறுகிய 23 டயர் திருவான்மியூர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றையும் உங்கள் முதுகெலும்பில் பதிவு செய்யும்.

மெல்லிய டயரில் காற்று வாரத்துக்கு வாரம் தானாக இறங்கும். ஓட்டைதான் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். மீட்டர் வைத்த, நின்றுகொண்டு அடிக்கிற பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கியர் என்னும் ஏணி

கடைக்காரர் “21 கியர் சார்!” என்று சொன்னால் மயங்காதீர்கள். முன்னால் மூன்று செயின்வீல், பின்னால் ஏழு பல்சக்கரம், பெருக்கினால் 21. அவற்றில் பாதி ஒன்றின் மேல் ஒன்று விழும் ஒரே கியர்தான்.

கியர் பாகங்கள் பெரும்பாலும் ஜப்பானின் சகாய் நகரத்தில் 1921-ல் தொடங்கிய ஷிமானோ கம்பெனியுடையவை. ரோடு சைக்கிளுக்கு அது ஒரு ஏணி போட்டு வைத்திருக்கிறது. அடிப்படியில் டூர்னி, பின்னால் 7 பல். அடுத்தது கிளாரிஸ், 8. பிறகு சோரா 9, டியாக்ரா 10, அதற்கும் மேலே 105. தைவானின் மைக்ரோஷிஃப்ட்டும் விலை குறைந்த சைக்கிள்களில் வருகிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஏணியில் ஏற ஏற எடை குறையும், மாற்றம் வெண்ணெயாக இருக்கும். ஆனால் செயின் மெலிந்து, விலை கூடி, தேய்மானமும் செலவு வைக்கும்.

என் தீர்ப்பு, முதல் சைக்கிளுக்கு கிளாரிஸ் போதும். பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும். ஷிமானோ 1990 வாக்கில் பந்தய சைக்கிளுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு, இன்று அடித்தட்டு சைக்கிளுக்கும் இறங்கி வந்துவிட்டது. அதற்கு முன்னால் கியர் மாற்ற ஒரு கையை எடுத்துக் கீழே ஃபிரேமைத் துழாவ வேண்டும். டிரெக் டொமேன் ஏ.எல். 2, ஜயன்ட் கன்டெண்ட் 3 மாதிரிப் பெரிய கம்பெனிகளின் தொடக்க மாடல்களே இந்த கிளாரிஸோடுதான் வருகின்றன.

எண்ணிக்கையைவிட எது பெரியது, எது சிறியது என்று பாருங்கள். முன்னால் 50 பல், பின்னால் 11 பல் என்றால் ஒரு முழு மிதிக்கு சைக்கிள் ஒன்பதரை மீட்டர் ஓடும். முன்னால் 34, பின்னால் 32 என்றால் இரண்டேகால் மீட்டர்தான். சமதளத்தில் இந்தக் கடைசி கியர் உங்களுக்குத் தேவைப்படாது. எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கும் கொல்லிமலைக்கோ, ஏற்காட்டுக்கோ போய்ப் பாருங்கள், அந்த 32 பல் சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டத் தோன்றும். பின்னால் மிகப் பெரிய சக்கரம் 25 பல்லுக்குக் கீழே இருக்கும் சைக்கிளை சேலம், கோவை, நீலகிரி அன்பர்கள் தொட வேண்டாம்.

பிரேக்கில் டிஸ்க் நல்லது, மழையில் இன்னும் நல்லது. ஆனால் குறைந்த விலையில் கிடைக்கும் கேபிள் டிஸ்க்கை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். ரிம் பிரேக்கின் பிரேக் கட்டையை நீங்களே மாற்றலாம். சமதளக்காரர்களுக்கு ரிம் பிரேக் குறை வைக்காது. கார்பன் ஃபிரேமைப் பற்றி ஒரே வரி: முதல் சைக்கிளுக்கு வேண்டாம். கார்பன் ஃபோர்க் கிடைத்தால் சரி, அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

எடை பற்றிப் பேசியே சிலர் உயிரை எடுப்பார்கள். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தய சைக்கிளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. உங்கள் தொடக்கநிலை சைக்கிள் பத்தரை, பதினொன்று இருக்கும். அந்த நாலு கிலோவைக் குறைக்க லட்சங்கள் ஆகும். பரோட்டாவைக் குறைத்தால் அதே நாலு கிலோ இலவசம்.

எவ்வளவு கொடுக்கலாம்?

இன்றைய நிலவரத்தில், தோராயமாகச் சொல்கிறேன். பத்து, பன்னிரண்டாயிரத்துக்கு வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள் கிடைக்கும். வாங்காதீர்கள். இரும்பு ஃபிரேம், பதினைந்து கிலோ கனம், ஊர் பேர் தெரியாத கியர், ஹேண்டில்பார் நடுவே ஒட்டிவைத்த கியர் லீவர். கொம்பு மட்டும்தான் ரோடு சைக்கிளுடையது. இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்தாயிரத்துக்குள் நிஜமான தொடக்கம். அலுமினிய ஃபிரேம், 7 பல் டூர்னி. டெக்கத்லானின் ட்ரைபன் வரிசை இந்த வட்டாரத்தில்தான் பல பேருக்குப் பிள்ளையார் சுழி போட்டது. கடற்கரைச் சாலைக்கு இது போதும், மலைக்குப் போதாது. நாற்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள் கிளாரிஸ் அல்லது அதற்கு நிகரானது. பெரிய வெளிநாட்டுப் பெயர்கள் முக்கால் லட்சத்தைத் தாண்டும். நம் அம்பத்தூரில் 1949-லிருந்து சைக்கிள் தொழிலில் இருக்கும் டி.ஐ. சைக்கிள்ஸின் மாண்ட்ராவையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது தெரிகிறதா என்று கேளுங்கள்.

கையில் இருக்கும் காசு முழுவதையும் சைக்கிளில் போடாதீர்கள். ஹெல்மெட், முன்பின் விளக்குகள், மீட்டர் பம்ப், இரண்டு மாற்று டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், பூட்டு, பஞ்சு வைத்த அரை டிராயர். எல்லாம் சேர்ந்தால் ஆறேழாயிரம் நிச்சயம். ஐந்து மணி இருட்டில் விளக்கில்லாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாற்பதாயிரம்தான் இருக்கிறது என்றால் முப்பத்து மூன்றாயிரத்துக்கு சைக்கிள் பாருங்கள்.

பழைய சைக்கிளுக்கும் நான் ஓட்டுப் போடுவேன். ஆசையோடு வாங்கி மூன்று மாதத்தில் பால்கனியில் துணி காயவைக்கிற சைக்கிள்கள் சென்னையில் ஏராளம். விலை பாதிக்குப் பாதி. போகும்போது ஒரு அடி ஸ்கேலைக் கொண்டுபோங்கள். செயினில் ஒரு கம்பியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 இஞ்ச் கோடு இன்னொரு கம்பியின் நடுவில் சரியாக விழ வேண்டும். கம்பி பதினாறில் ஒரு இஞ்ச் தள்ளிப் போயிருந்தால் செயின் முடிந்தது, எட்டில் ஒரு இஞ்ச் என்றால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் பாருங்கள். லேசான கோட்டம் எடுத்துவிடலாம், ஸ்போக் பாதி தளர்ந்திருந்தால் யோசியுங்கள். ஹேண்டில்பார் நுழையும் குழாயைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிடுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே ஃபிரேம் நம்பர் அடித்திருக்கும். அது பில்லில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பில் இல்லை, நம்பர் சுரண்டப்பட்டிருக்கிறது என்றால் அது யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் சைக்கிள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் பாதி மாட்டி, பாதி மாட்டாமல் வரும். நல்ல மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்த வேலைக்குப் போங்கள். எங்கே வாங்கினாலும் முதல் மாதத்துக்குப் பிறகு கேபிள்கள் நீண்டு கியர் தடுமாறும். அந்த முதல் சர்வீஸ் இலவசம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

கடலோரத்துக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. உப்புக் காற்றில் நாலு நாள் விட்டால் செயினில் துரு ஏறும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். கிரீஸ் அப்பக் கூடாது, மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு அரைக்கும். தேங்காய் எண்ணெய் விட்டவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் செயின் பிசுபிசுவென்று ஊதுவத்திப் பசை மாதிரி ஆகிவிட்டது.

வேகம் வரவில்லையே என்று முதல் மாதமே மனசொடிய வேண்டாம். பாரிஸின் ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி நம் ஊரிலும் நடக்கும் 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்துக்குக் கொடுக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. சராசரி 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு, அதுவும் டீக்கடை நிறுத்தங்கள் உட்பட. மனித சக்தியில் ஓடும் எந்த வண்டியும் அதற்குச் செல்லும். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. டி.வி.எஸ். 50 வாங்குவதற்காக வீட்டு சைக்கிளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட நாம், அதே சைக்கிளைக் கிட்டத்தட்ட ஒரு மொபெட் விலைக்குத் திரும்ப வாங்குகிறோம். போகட்டும், கால் நம்முடையது.

கடைக்கு சனி, ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள். வார நாள் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது, தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்க விடுவார்கள். ஷூவும் டிராயரும் போட்டுக்கொண்டு போங்கள். உள்கால் அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். உங்கள் சைஸ் இல்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வெறுங்கையோடு திரும்புங்கள்.

நான் இப்போது ஓட்டுவது 52 சைஸ், கிளாரிஸ், பழையது, முப்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். ஏழு வருஷத்தில் நாலு செயின், மூன்று ஜோடி டயர், ஒரு பல்சக்கரம் மாற்றியிருக்கிறேன். விரல் மரப்பதில்லை. அந்த 56 சைஸ் சைக்கிளை என்னிடம் வாங்கிய ஆறடித் தம்பி இன்னமும் அதைத்தான் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டுக்காடு பாலத்தில், “வரேன் சார்” என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறார்.